காவல் கொட்டிலில் இருந்து ஹபிளைப் பார்ப்பது எப்படி

கிராவிட்டி (2013) என்ற விண்வெளிப் படம் பார்த்த பெடியள் என்னிடம் கேட்பது, அந்த விண்கலங்கள் உண்மையாகவே மேலே இருக்கின்றனவா என்றுதான். இருக்கின்றன. ஹபிள் தொலைநோக்கி 1990 முதல் சுற்றுகிறது. ஐஎஸ்எஸ் எனும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2000ஆம் ஆண்டு கார்த்திகைக்குப் பிறகு ஆள் இல்லாத நாளே இல்லை. ரஷ்யாவின் சோயுஸ் விண்கலம் இன்றும் ஆட்களை ஏற்றி இறக்குகிறது. படத்தில் வரும் சீனாவின் பெரிய தியங்கொங் விண்வெளி நிலையம் மட்டும் அப்போது இருக்கவில்லை. இப்போதுள்ளதை 2021இல்தான் கட்டத் தொடங்கினார்கள். எக்ஸ்புளோரர் என்பது படத்தில் வரும் ஷட்டில் எனும் விண்ணோடத்துக்குக் கதைக்கென்று வைத்த பெயர்.

ஹபிள், ஐஎஸ்எஸ், தியங்கொங் மூன்றையும் வன்னியில் வெறுங்கண்ணால் பார்க்கலாம். நான் வவுனிக்குளத்துக்குக் கீழே வயல் செய்கிறவன். தை, மாசியில் கதிர் முற்றும்போது பன்றிக்கும் யானைக்கும் காவல் இருந்தே ஆகவேண்டும். மாரி ஓய்ந்து வானம் வெளிக்கிற காலமும் அதுதான்.

பொழுதுபட்டு முக்கால் மணித்தியாலத்தில் இருந்து இரண்டு மணித்தியாலம் வரை நல்ல நேரம். விடியப்புறம் கிழக்கு வெளுக்க முன்னும் அப்படியே. எங்களுக்கு இருட்டிவிட்டாலும் அவ்வளவு உயரத்தில் வெயில் இன்னும் படும்; அந்த வெயிலில்தான் அவை மின்னுகின்றன. நடுச்சாமத்தில் தேடாதீர்கள், அவையும் பூமியின் நிழலுக்குள் இருக்கும்.

எந்த நாள், எத்தனை மணி என்பதை ஹெவன்ஸ் அபோவ் இணையத்தளம் சொல்லும். இடம் என்று மாங்குளத்தைக் கொடுத்தால் போதும். வயலில் சிக்னல் கிடைக்காது, ஆகவே பகலிலேயே பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உயரத்தைப் பாகையில் தருவார்கள். கையை நேரே நீட்டிப் பிடித்த முஷ்டி ஏறக்குறைய 10 பாகை. துருவ வெள்ளி எங்களுக்கு வடக்கு அடிவானத்தில் இருந்து ஒரு முஷ்டி உயரத்தில்தான் நிற்கும். வன்னி 9 பாகை வடக்கில் இருப்பதால் அப்படி. அதை வைத்தே வடக்கை எடுங்கள்.

ஐஎஸ்எஸ்ஸைத் தவறவிடவே முடியாது, உச்சியால் போகும்போது எல்லா நட்சத்திரத்தையும் விடப் பிரகாசம். தியங்கொங் அதற்கு அடுத்தது. ஹபிள் ஒரு சாதாரண நட்சத்திர அளவுதான், அதற்கு நிலவில்லாத இரவு வேண்டும். பார்க்க முன் இருபது நிமிடமாவது போன் வெளிச்சம் கண்ணில் படக்கூடாது. லண்டனில் இருக்கும் சொந்தங்களுக்கு ஐஎஸ்எஸ் தெரியும், ஹபிள் அங்கே அடிவானத்துக்கு மேல் வராது. எங்களுக்கோ தலைக்கு மேலாலேயே போகும். வானத்தில் நகரும் வெளிச்சம் என்றால் என் அம்மாவுக்கு இன்னும் நெஞ்சு படபடக்கும், சத்தம் வருகிறதா என்று காது கொடுப்பா. இவற்றுக்குச் சத்தமும் இல்லை, விட்டுவிட்டு மினுக்குவதும் இல்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஐஎஸ்எஸ் வடகிழக்குப் பக்கம் போகும் ஒரு நாளில், அது போன திசைக்கு நேராக வரம்பில் ஒரு கம்பைக் கிடத்துங்கள். ஹபிள் அதே பக்கம் போகும் இன்னொரு நாளில் அதற்கும் ஒரு கம்பு. சில நாட்களில் இரண்டும் தென்கிழக்காகவும் போகும், அவற்றை இதோடு கலக்கக் கூடாது. ஐஎஸ்எஸ் கம்பு வடக்கை ஒட்டிக் கிடக்கும், ஹபிள் கம்பு கிழக்கை ஒட்டிக் கிடக்கும். ஐஎஸ்எஸ்ஸின் பாதை பூமத்திய ரேகைக்கு 51.6 பாகை சரிவு, ஹபிளின் பாதை 28.5 பாகை. தியங்கொங் 41.5 பாகையில் இரண்டுக்கும் நடுவே.

படத்தில் ஹபிளில் இருந்து ஐஎஸ்எஸ்ஸுக்கு முதுகில் பூட்டிய உந்துகருவியால் போகிறார்கள். இரண்டுமே விநாடிக்கு 7.5 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகின்றன. ஒன்றின் பாதையில் இருந்து மற்றதன் பாதைக்குத் திரும்ப, குறைந்தது விநாடிக்கு 3 கிலோமீற்றர் அளவு வேகமாற்றம் வேண்டும். உண்மையான முதுகுக் கருவி முழு எரிபொருளையும் செலவழித்தாலும் தருவது விநாடிக்கு 25 மீற்றர் அளவுதான். 2009 வைகாசியில் அட்லாண்டிஸ் என்ற ஷட்டில் ஏழு பேருடன் ஹபிளைத் திருத்தக் கடைசியாகப் போனபோது, ஆபத்து வந்தால் அந்த ஏழு பேராலும் ஐஎஸ்எஸ்ஸில் ஒதுங்க முடியாது என்று தெரிந்துதான் என்டெவர் என்ற மற்ற ஷட்டிலை இன்னொரு ஏவுதளத்தில் ஆயத்தமாக நிறுத்தி வைத்தார்கள். அதை வாசித்த பிறகு எனக்கு அந்தத் தொழிலாளிகளில் மதிப்புக் கூடியது.

குளக்கட்டில் தனியே நிற்கவேண்டாம், யானை இறங்கும் நேரமும் இதுதான். மிதிவெடிப் பலகை நட்ட பற்றைப் பக்கம் வானத்தைப் பார்த்தபடி கால் வைக்கவே கூடாது.

ஐஎஸ்எஸ்ஸை 2030க்குப் பிறகு பசிபிக் கடலில் விழுத்தும் திட்டம் நாசாவிடம் இருக்கிறது. ஆகவே வருகிற காலபோகத்திலேயே பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள். பிறகு படத்தைப் போட்டு, ஹபிளில் இருந்து நிலையத்துக்குப் புறப்படும் கட்டத்தில் நிறுத்தி, வரம்பில் கிடந்த இரண்டு கம்புகளையும் பற்றி அவர்களிடம் கேளுங்கள்.