பிலிப்பைன்ஸ் பிள்ளைகளுக்கு அவர்கள் நாட்டு வரலாற்றைச் சொல்லிக்கொடுப்பது எப்படி

முதல் பாடத்தை 1521-இல் தொடங்காதீர்கள். ஸ்பெயின் அனுப்பிய மாலுமி மெகல்லன் கப்பலில் வந்து இறங்கிய இடத்தில் கதையை ஆரம்பித்தால், வெளியிலிருந்து யாரோ வந்து பார்த்த பிறகுதான் நம் ஊர் என்று ஒன்று இருந்தது என எட்டு வயதுப் பிள்ளையின் மனதில் பதிந்துவிடும், அப்புறம் அதை எடுப்பது கஷ்டம்.

லகுனா செப்பேட்டில் தொடங்குங்கள். கி.பி. 900-ஐச் சேர்ந்த அந்தத் தகடு 1989-இல் லும்பான் ஆற்றின் முகத்துவாரத்தில் மணல் அள்ளும்போது கிடைத்தது. போரைப் பற்றியோ வெற்றியைப் பற்றியோ அதில் ஒன்றும் இல்லை. நம்வரன் என்பவர் பட்டிருந்த தங்கக் கடன் தீர்ந்தது, இனி அவர் வாரிசுகளை யாரும் கேட்கக்கூடாது என்று எழுதிக்கொடுத்த பத்திரம் அது. அதில் வரும் ஓர் ஊர்ப்பெயரை இன்றைய மணிலாவின் தொண்டோ என்று படிக்கிறார்கள். (எழுத்து ‘காவி’ என்ற பழைய ஜாவா எழுத்து, பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்தது; தமிழ் படிக்கும் நமக்கு இதில் ஒரு தனி சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது.) கடன் வாங்குவதும் திருப்பிக் கொடுப்பதும் எந்தப் பிள்ளைக்கும் புரியும். ஆளுக்கு ஓர் அட்டையைக் கொடுத்து, யார் யாரிடம் வாங்கினார், எவ்வளவு, சாட்சி யார் என்று ஒரு கடன் தீர்வுப் பத்திரம் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும், ஆயிரம் வருஷம் கழித்து இது மண்ணிலிருந்து கிடைத்தால் உங்களைப் பற்றி என்ன தெரியவரும், என்ன தெரியாமல் போகும் என்று கேளுங்கள்.

‘இது நமக்கு எப்படித் தெரியும்?’ என்ற கேள்வியை வருஷம் முழுக்க விடாதீர்கள். 1521 ஏப்ரல் 27 அன்று மக்டான் தீவில் அங்கிருந்த தலைவர் லாபுலாபுவின் ஆட்களோடு நடந்த சண்டையில் மெகல்லன் இறந்ததை நாம் பெரும்பாலும் அவரோடு கப்பலில் வந்த பிகாஃபெட்டா எழுதியதை வைத்துத்தான் சொல்கிறோம். லாபுலாபு பக்கத்தில் யாரும் எழுதிவைத்தது நம் கையில் இல்லை. வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரே சண்டையைக் கடலில் நின்றவர்கள் ஒரு மாதிரியும் கரையில் நின்றவர்கள் ஒரு மாதிரியும் சொல்லட்டும். பத்து வயதில் இதைச் செய்து பார்த்த பிள்ளை, வளர்ந்தபின் கைபேசியில் வரும் எதையும் அப்படியே நம்பிவிடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அடுத்து நாணயங்கள். 1 பேசோவில் ஸ்பெயின் ஆட்சியை எழுத்தால் எதிர்த்த ஹோசே ரிசால், 5 பேசோவில் அதை எதிர்த்துப் புரட்சி தொடங்கிய ஆந்த்ரேஸ் போனிஃபாசியோ, 10 பேசோவில் அப்போலினாரியோ மாபினி. தினமும் கையில் வைத்திருக்கும் முகங்கள் யாரென்று பாதிப் பேருக்குத் தெரியாது, காசைக் கொடுத்தே கேளுங்கள். மாபினியிடம் கொஞ்சம் நின்று பேசுங்கள். போலியோவால் இரண்டு கால்களும் செயலிழந்த பிறகுதான் அவர் 1899-இல் முதல் குடியரசின் பிரதமரானார்.

ரிசாலைப் பற்றிப் பேசும்போது 1896 டிசம்பர் 30 அன்று ஸ்பெயின் ஆட்சி அவரைச் சுட்டுக் கொன்றதை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம். அதற்கு முன் 1892-இலிருந்து நான்கு வருஷம் தெற்கே மிந்தனாவோ தீவின் டாபிடான் ஊருக்கு நாடுகடத்தப்பட்டு இருந்தபோது என்ன செய்தார் என்று சொல்லுங்கள்: கண் வைத்தியம் பார்த்தார், ஊர்ப் பையன்களுக்குப் பாடம் சொன்னார், ஊர்ச் சதுக்கத்தில் மிந்தனாவோவின் மேடுபள்ளங்களோடு பெரிய வரைபடம் ஒன்றை மண்ணிலேயே அமைத்தார். அது இன்னும் அங்கே இருக்கிறது. பள்ளி மைதானத்தின் ஒரு மூலையில் அதே மாதிரி, நாடு முழுவதையும் மண்ணில் அமைக்க ஆரம்பியுங்கள், ஒரே நாளில் முடிக்க வேண்டாம், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கல்லோ கொடியோ அதில் ஏறட்டும். மூன்று மாதத்தில் கல்லெல்லாம் மணிலாவைச் சுற்றியே குவிந்திருப்பது பிள்ளைகள் கண்ணிலேயே படும்.

அப்போது மற்ற இடங்களுக்குப் போங்கள். வடக்கே இஃபுகாவோ மலைகளில் நெல் அறுவடையின்போது பெண்கள் முன்னின்று பாடும் ஹுட்ஹுட், தெற்கே லனாவோ ஏரிப் பக்கம் மரனாவ் மக்களின் டாரங்கென் காப்பியம், மிந்தனாவோவின் செபு ஏரிக்கரையில் (செபு தீவு வேறு) டிபோலி பெண்கள் அபாகா என்ற வாழையினச் செடியின் நாரில் நெய்யும் டினாலாக் துணி. இதை எல்லாம் ஒரே வாரத்தில் திணிக்காதீர்கள், வருஷத்துக்கு இரண்டு போதும். விழாவுக்குப் பிள்ளைகளுக்குப் பழங்குடி உடை மாட்டிவிட்டுப் படம் எடுப்பதோடு முடிப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. அது யாருடைய உடை, எப்போது உடுத்துவார்கள் என்று அந்தச் சமூகத்தவர் ஒருவரைக் கூப்பிட்டுச் சொல்லவையுங்கள். சுங்கா விளையாட்டுப் பலகையைக் கொண்டுவர மறக்காதீர்கள், பக்கத்துக்கு ஏழு குழி, நம் பல்லாங்குழி மாதிரியே. ஆடிக்கொண்டே பாட்டி யாரிடம் கற்றாள் என்று கேட்டால் குடும்பக் கதை தானாக வரும்.

கசப்பான பகுதிகளைத் தாண்டிப் போகவேண்டாம். 1945-இல் ஜப்பானியப் படைக்கும் அமெரிக்கப் படைக்கும் நடந்த மணிலா போரில் சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் இறந்தார்கள். 1972 செப்டம்பரில் அதிபர் மார்கோஸ் இராணுவச் சட்டம் அறிவித்தார், 1986 பிப்ரவரியில் மக்கள் மணிலாவின் எட்சா சாலையில் திரண்டபின் நாட்டைவிட்டுப் போனார். சின்னவர்களுக்குக் கோரமான படங்கள் தேவையில்லை, ஆனால் தேதியும் நடந்ததும் குழப்பமில்லாமல் இருக்கட்டும். வீட்டில் வேறு மாதிரி சொல்கிறார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னால் அதட்டாதீர்கள். தாத்தா அப்போது எங்கே இருந்தார், என்ன பார்த்தார் என்று எழுதி வரச் சொல்லுங்கள், பிறகு நாலு வீட்டுக் கதைகளை அந்தக் காலத்துச் செய்தித்தாளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மணிலா தேசிய அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. கூட்டிப்போனால் எல்லா அறையையும் சுற்றாமல், ஆளுக்கு ஒரு பொருள் என்று பிரித்துக்கொடுத்து அதன் முன்னால் கால் மணி நேரம் உட்கார்ந்து வரையவிடுங்கள். தேர்விலும் தேதியை மட்டும் கேட்காமல், அந்தப் பொருளைச் செய்தது யார், எதற்கு, அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டு, பிள்ளைக்குத் தாகலோக்கை விடச் செபுவானோவோ இலோகானோவோ சுலபம் என்றால் அதிலேயே பதில் சொல்லவிடுங்கள்.