சர்க்கரை இறங்கினால் வரும் தடுமாற்றம், மறதி அல்ல

குடியாத்தம், ஆம்பூர் பக்கமிருந்து வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனைக்காக விடியற்காலையில் வேலூருக்குப் பஸ் ஏறுபவர்கள், வழக்கமான சர்க்கரை மாத்திரையை வீட்டிலேயே விழுங்கிவிட்டுக் கிளம்பக் கூடாது. கிளிமிபிரைடு, கிளைபென்கிளமைடு போன்றவை சாப்பாடு வராவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். ரத்தம் கொடுத்து, டிபனோடு போட்டுக்கொள்ளலாம். இன்சுலின் போடுபவர்கள் முந்தின நாளே டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.

மூளையிடம் குளுக்கோஸ் கையிருப்பு மிகக் குறைவு. ரத்தச் சர்க்கரை 70-க்குக் (mg/dL) கீழே போனால் பொதுவாகக் கை நடுக்கம், வியர்வை. 54-க்குக் கீழே குழப்பம், உளறல். வயதானவர்களுக்கு நடுக்கமே இல்லாமல் நேராகக் குழப்பம் வருவதுண்டு. அதைத்தான் ‘வயசாச்சு, மறதி’ என்று வீட்டில் தள்ளிவிடுகிறார்கள்.

இப்படி வந்தால், நினைவோடு இருப்பவருக்கு உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து ரத்தச் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். 70-ஐத் தாண்டவில்லையென்றால் மறுபடி அதே அளவு. தாண்டியதும் இரண்டு இட்லியாவது சாப்பிட வேண்டும். பையில் ஆற்காடு மக்கன் பேடா இருக்கிறதே என்று எடுக்காதீர்கள்: அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

மெல்ல மெல்லக் கூடும் மறதி வேறு. பல வருடமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறைந்து, அதனாலும் மறதி வரலாம்; அதையும் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள்.