பார்த்தீனியத்தைத் தின்னும் மெக்சிகன் வண்டு: பிடித்து விடும் முறை

சைகோகிரம்மா பைகலரேட்டா என்ற இந்த வண்டு, பார்த்தீனியம் என்ற களைச்செடியைக் கட்டுப்படுத்த மெக்சிகோவிலிருந்து வரவழைக்கப்பட்டு, 1984-ல் பெங்களூரில் வெளியில் விடப்பட்டது. இப்போது பல மாநிலங்களில் தானாகவே பரவியிருக்கிறது. நீளம் 6 மி.மீ. அளவு. வெளிறிய முதுகில் நெடுக்காகக் கரும்பழுப்புக் கோடுகள் ஓடும்.

முதலில் வண்டை விடும் இடம். உழவு நடக்கும் வயல் இதற்கு ஆகாது. வளர்ந்த புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும். கலப்பை ஓடினால் அந்தத் தலைமுறையே அழிந்துவிடும். தரிசு, புறம்போக்கு, சாலையோரம், ரயில் பாதையோரம் இவையே பொருத்தம். பயிருக்கு நடுவே நிற்கும் பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்குவதுதான் வழி.

பருவமழை தொடங்கி, செடி பூக்காமல் தளதளவென்று இருக்கும்போது, வண்டு ஏற்கெனவே பரவியிருக்கும் இடத்திலிருந்து சேகரியுங்கள். பார்த்தீனியம் தோல் அரிப்பும் மூச்சுத்திணறலும் தரும். கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை இல்லாமல் இறங்க வேண்டாம். செடிக்கு அடியில் வாளியைப் பிடித்துக் குலுக்கினால் வண்டுகள் உதிரும். காற்றோட்டத் துளையிட்ட டப்பாவில் கொஞ்சம் பார்த்தீனியத் தழையோடு போட்டு, வெயில் படாமல் எடுத்துப் போய்ச் சீக்கிரமே விடுங்கள். பூத்த செடியைத் தழைக்காக வெட்டாதீர்கள். விதையும் கூடவே போய்விடும்.

ஓரிடத்துக்கு 500 முதல் 1,000 வண்டுகள் வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். இருக்கும் கொஞ்சத்தை ஊர் முழுக்கத் தூவினால், செடி வளரும் வேகத்துக்கு அவை பெருகாது. எல்லாவற்றையும் ஒரே திட்டில் விடுங்கள்.

சில நாள் கழித்து இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். முட்டைகள் இருந்தால் வண்டு நிலைகொள்ளத் தொடங்கிவிட்டது. ஒரு வாரத்துக்குள் அவை பொரியும். இளம்புழுக்கள் குருத்தையும் மொட்டையும் கடிப்பதால் பூப்பது குறையும்; உண்மையான பலன் அதுதான். முட்டை வண்டாக ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். அதுவரை அங்கே பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ அடிக்கக் கூடாது.

வண்டு தங்கள் பயிரையும் தின்றுவிடுமோ என்ற சூரியகாந்தி விவசாயிகளின் கவலை நியாயமானதே. பார்த்தீனிய மகரந்தம் படிந்த சூரியகாந்தி இலையை வண்டு கொறித்தது உண்டு. ஆனால் அதில் அது இனம் பெருக்கி நிலைப்பதில்லை.

மழைக்காலம் முடிந்ததும் வண்டுகள் கண்ணில் படாது. செத்துவிட்டன என்று நினைத்து நிலத்தைக் கிளறாதீர்கள், மண்ணுக்குள் உறங்குகின்றன. அடுத்த ஆண்டு மழை பெய்து சில வாரமாகியும் வெளிவராவிட்டால் மட்டும் மறுபடி விடுங்கள்.