இயேசு சபைப் பல்கலைக்கழகங்களில் வேலை தேடும் புதியவர்களுக்கு

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து கல்வித்துறையில் வேலை தேடும் நம்மவர்களில் சிலர், ஜார்ஜ்டவுன், ஃபோர்டாம், செயின்ட் லூயிஸ், லயோலா சிகாகோ போன்றவை கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் என்பதாலேயே அவற்றுக்கு விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். சென்னை இலயோலாக் கல்லூரியையும் திருச்சி புனித வளனார் கல்லூரியையும் நடத்தும் அதே இயேசு சபை (ஜெசூட்) என்னும் கத்தோலிக்கத் துறவற சபையின் மரபில் வந்தவை இவை. அக்கல்லூரிகளில் எல்லா மதத்தவரும் ஆசிரியர்களாக இருப்பதைப் போலவே, இங்கும் வளாக ஆன்மிகப் பணி போன்ற சில பதவிகள் நீங்கலாக, பெரும்பாலான வேலைகளுக்கு மதம் ஒரு தகுதியாகக் கேட்கப்படுவதில்லை.

ஆனால் வேறொன்று கேட்கப்படும். பல்கலைக்கழகத்தின் நோக்கத்துக்கு உங்கள் பணி எவ்வாறு துணை நிற்கும் என்று தனியாக ஒரு பக்கம் எழுதித்தரச் சொல்வார்கள், அல்லது நேர்காணலில் கேட்பார்கள். ‘கூரா பெர்சொனாலிஸ்’ என்னும் இலத்தீன் தொடரை விளம்பரங்களில் அடிக்கடி காண்பீர்கள். ஒவ்வொரு மாணவரையும் முழு மனிதராகக் கருதிப் பேணுவது என்பது அதன் கருத்து. இப்பகுதியை இணையத்தில் கிடைக்கும் புகழுரைகளால் நிரப்புவது வீண். பின்தங்கிய மாணவருக்கு மாலையில் கூடுதல் வகுப்பு எடுத்ததையோ, குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு விண்ணப்பம் எழுத உதவியதையோ நேரடியாக எழுதுங்கள். தேர்வுக் குழு தேடுவது இத்தகைய சான்றுகளைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

தகுதிப் பட்டியலில் ‘கட்டாயம்’ என்றிருப்பவை அனைத்தும் உங்களிடம் இருக்க வேண்டும். ‘விரும்பத்தக்கவை’ என்பவற்றில் சில இல்லாவிட்டாலும் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். நம் மூன்றாண்டு இளநிலைப் பட்டம் இங்குள்ள நான்காண்டுப் பட்டத்துக்கு ஈடாக எல்லா இடங்களிலும் ஏற்கப்படுவதில்லை என்பதால், சான்றிதழ் மதிப்பீட்டை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளுங்கள். நிரந்தர ஆசிரியர் பதவிகளுக்குப் பெரும்பாலும் முனைவர் பட்டமும் பரிந்துரைக் கடிதங்களும் தேவைப்படும். அடுத்த கல்வியாண்டுக்கான அவ்விளம்பரங்கள் இலையுதிர் காலத்தில் மிகுதியாக வரும். அலுவலக வேலைகள் ஆண்டு முழுவதும் வரும்.

இவை போன்ற இலாப நோக்கற்ற உயர்கல்வி நிறுவனங்கள், எச்-1பி என்னும் வேலை விசாவுக்கான ஆண்டு எண்ணிக்கை வரம்புக்கு உட்படாதவை ஆதலால், அந்த வரம்புக்குள் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலுக்குக் காத்திராமல் ஆண்டின் எந்த மாதத்திலும் உங்களுக்காக மனுச் செய்ய முடியும். எனினும் எல்லாப் பதவிகளுக்கும் அவர்கள் விசா ஆதரவு தருவதில்லை. பின்னாளில் தனியார் நிறுவனத்துக்கு மாற விரும்பினால் பொதுவாகக் குலுக்கலில் தேர்வாக வேண்டியிருக்கும். எச்-1பி ஊழியரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருக்கும் துணைவர், வேலை அனுமதி அட்டை கைக்கு வராமல் ஒரு நாள்கூடப் பணியைத் தொடங்கக் கூடாது.

சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஊழியர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் கல்விக் கட்டணச் சலுகை அளிப்பது இங்கே வழக்கம். மேலும், ஃபேசெக்ஸ் என்னும் ஏற்பாட்டின் வழியாக, பங்கேற்கும் பிற இயேசு சபைக் கல்லூரிகளிலும் பிள்ளைகள் கட்டணச் சலுகையோடு இளநிலைப் படிப்புக்கு இடம்பெற வாய்ப்புண்டு. இச்சலுகைகள் பணியில் சேர்ந்து எவ்வளவு காலத்துக்குப் பிறகு கிடைக்கும் என்பதை, வேலையை ஏற்கும் முன்பே மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.