ஹெட்ஃபோன் துளை வழியாக ஸ்பெக்ட்ரத்துக்கு ஒரு கோப்பு

1982இல் பிரிட்டனில் வெளிவந்த சின்கிளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கம்ப்யூட்டரில் யுஎஸ்பி கிடையாது, டிஸ்க் டிரைவும் கிடையாது. அந்த இடத்தில் இருந்தது சாதாரண கேசட் பிளேயர். புரோகிராமை ஒலியாக டேப்பில் பதிந்து வைப்பார்கள். திரும்ப ஓட்டினால் கம்ப்யூட்டர் அதைக் கேட்டே படித்துக்கொள்ளும். கேசட் பிளேயர் இருந்த இடத்தில் நாம் லேப்டாப்பை வைக்கப் போகிறோம். இங்கே சொல்வது ரப்பர் விசைகள் கொண்ட 48கே மாடலுக்கு.

முதலில் ஒரு எச்சரிக்கை. ஸ்பெக்ட்ரத்தின் 9 வோல்ட் அடாப்டரில் நடுமுனைதான் மைனஸ். இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில் பிளஸ். பின் பொருந்துகிறதே என்று செருகிவிடாதீர்கள்.

படி 1: சின்னக் கோப்பாக எடுங்கள். லேப்டாப்பிலேயே ஸ்பெக்ட்ரம் போல நடந்துகொள்ளும் ஃபியூஸ் எமுலேட்டர் என்ற மென்பொருளில், பேசிக் மொழியில் நாலு வரி புரோகிராம் எழுதி, டேப் கோப்பாகச் சேமித்தால் போதும். பெரிய கேம் ஏற ஐந்து நிமிடம் ஆகும்; கடைசி நொடியில் சொதப்பினால் மனசு விட்டுப்போகும்.

படி 2: அதை ஒலியாக்குங்கள். ஃபியூஸின் துணைக் கருவிகளில் டேப்2வேவ் என்று ஒன்று உண்டு. லேப்டாப்பின் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் ஜன்னல்) அதன் பெயர், உங்கள் கோப்பின் பெயர், புது வேவ் கோப்பின் பெயர் மூன்றையும் இடைவெளி விட்டுத் தட்டினால் வேலை முடிந்தது. எம்பி3 ஆக்க வேண்டாம். டேட்டாவில் உள்ள சுழியும் ஒன்றும் ஒலி அலையின் நீளத்தால்தான் வேறுபடுகின்றன: ஒன்றுக்கான அலை, சுழியின் அலையைப் போல இரு மடங்கு. எம்பி3 நம் காதுக்காக அலையைச் செதுக்கும், ஸ்பெக்ட்ரத்துக்கோ அலையின் விளிம்புதான் முக்கியம்.

படி 3: 3.5 மி.மீ. ஆடியோ கேபிளின் ஒரு முனை லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையில், மறுமுனை ஸ்பெக்ட்ரத்தின் 'இயர்' துளையில். பக்கத்திலேயே இருக்கும் 'மைக்' துளை சேமிப்பதற்கு. அவசரத்தில் அதில் செருகுவது எல்லோரும் செய்கிற தப்பு. ஈக்வலைசர், ஒலி மேம்பாடு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பையும்தான். நடுவில் ஒரு 'டிங்' வந்தால் அதையும் டேட்டா என்று எடுத்துக்கொள்ளும்.

படி 4: ஸ்பெக்ட்ரத்தில் ஜே விசையை அழுத்துங்கள், 'லோட்' என்ற சொல் முழுசாக வந்துவிடும். அப்புறம் சிம்பல் ஷிஃப்டைப் பிடித்தபடி பி விசையை இருமுறை தட்டினால் இரண்டு மேற்கோள் குறிகள். என்டர். இப்போது லேப்டாப்பில் வேவ் கோப்பை ஓடவிடுங்கள்.

இனி திரையின் ஓரத்தைப் பாருங்கள். முதலில் நீண்ட ஒரே சுருதி: சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டைகள் நகரும். அடுத்து நீலமும் மஞ்சளும் ஒரு கணம் மின்னி, புரோகிராமின் பெயர் திரையில் வரும். மறுபடி சிவப்புப் பட்டைகள், மறுபடி மஞ்சள். இந்த வரிசை வந்தால் எல்லாம் சரி.

வரவில்லையா? பெரும்பாலும் வால்யூம்தான் காரணம். ஓரம் அசையவே இல்லையென்றால் ஒலி போதவில்லை. முக்கால் அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். சில லேப்டாப்களில் முழுசாக வைத்தாலும் பத்தாது. என்னுடையது அப்படித்தான், நடுவில் சின்ன ஆம்ப்ளிஃபையர் வைத்த பிறகே வழிக்கு வந்தது. பெயர் வந்த பிறகு 'ஆர் டேப் லோடிங் எரர்' என்று நின்றால் ஒலி அளவு மீறி அலை நசுங்கியிருக்கலாம். ஒரு படி குறைத்து, கோப்பை ஆரம்பத்திலிருந்து ஓட்டுங்கள். பாதியிலிருந்து தொடர வழியில்லை.

கீழே '0 ஓகே' என்று வந்துவிட்டால் ஆர் விசை, என்டர். உங்கள் நாலு வரி ஓடும்.