சாரத்தில் இருந்து விழுந்தவருக்கு முதல் மூன்று நாள்

திருகோணமலைப் பக்கம், நிலாவெளியில் ஹோட்டல் மாடி எழும்புகிற இடமாக இருக்கட்டும், கிண்ணியாவில் வீட்டுக்கு மேல்தட்டுப் போடுகிற இடமாக இருக்கட்டும், ஆள் விழுந்தால் நடப்பது ஒரே மாதிரித்தான். தூக்கி ஓட்டோவில் மடக்கிப் போடுவார்கள். போகிற வழியில் கொந்தராத்துக்காரர், "வீட்டில ஏணியால விழுந்தது எண்டு சொல்லு தம்பி, செலவை நான் பாக்கிறன்" என்பார். முதலாவது முள்ளந்தண்டைக் கெடுக்கும், இரண்டாவது நட்டஈட்டைக் கெடுக்கும்.

கழுத்தோ முதுகோ வலிக்கிறது, கால் விறைக்கிறது, விரல் அசையவில்லை என்றால் ஆளை நிமிர்த்தி உட்கார வைக்கக் கூடாது. குடிக்கவும் எதுவும் கொடுக்க வேண்டாம், சத்திரசிகிச்சை தேவைப்படலாம். 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அது வரும்வரை ஒருவர் தலைமாட்டில் முழந்தாளிட்டு, இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். அந்த இடத்திலேயே விட முடியாத ஆபத்து இருந்தால் மட்டும், நாலு பேர் சேர்ந்து தலை, தோள், இடுப்பு, கால் ஒன்றாகத் திரும்பும்படி உருட்டி, நீளமான பலகையில் ஏற்றுங்கள். மின்சாரம் பிடித்தவரைத் தொட முதல் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும்.

வைத்தியசாலையில் முதலில் சொல்வதுதான் ஏட்டில் ஏறும். "இன்ன இடத்தில், இன்னாரின் வேலையில், இத்தனை மணிக்கு, இத்தனை அடி உயரச் சாரத்தில் இருந்து விழுந்தவர்" என்று கூடப் போனவர் சொல்ல வேண்டும். அனுமதிக் குறிப்பில் "வீட்டில் விழுந்தது" என்று பதிந்துவிட்டால், பிறகு அதை மாற்றப் படுகிற பாடு சொல்லி முடியாது. முதலாளி தனியார் கிளினிக்குக் கூட்டிப் போனாலும், திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ பக்கத்து அரச வைத்தியசாலையிலோ ஒரு பதிவு இருக்கட்டும். பொலிஸில் முறைப்பாடு போட்டு இலக்கத்தையும் திகதியையும் எழுதி எடுங்கள், சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கு அது வழி திறக்கும். வீட்டுக்கு விடும்போது தருகிற நோய் நிர்ணய அட்டையின் இரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

வேலை இடத்திலும் அன்றைக்கே வேலை இருக்கிறது. விழுந்த சாரத்தைப் பொழுதுபடமுன் கழற்றிவிடுவார்கள். முறிந்த பலகை, அறுந்த கயிறு, கைப்பிடி இல்லாத பக்கம் எல்லாவற்றையும் போனில் எடுக்க வேண்டும். கண்டவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் மூன்றும் வேண்டும். அடுத்த கிழமை அவர்கள் மூதூரிலோ கந்தளாயிலோ வேறு பாஸிடம் (தலைமை மேசனிடம்) நிற்பார்கள். நாட்கூலிக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. கொப்பியில் கையெழுத்து, வங்கியில் விழுந்த காசு, "நாளைக்கு 7 மணிக்கு வா" என்ற வட்ஸ்அப் குரல்பதிவு, எதுவும் சாட்சிதான்.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில், முதலாளி பிழை செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. வேலையின்போது, வேலையால் காயப்பட்டது என்றால் போதும். 2022 திருத்தம் உச்சத் தொகையை 5,50,000 ரூபாவில் இருந்து 20 இலட்சமாக உயர்த்தியது, வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தையும் சேர்த்தது. தொகை மாதச் சம்பளத்தையும் அங்கவீனத்தின் அளவையும் பொறுத்தது. அதனால் சம்பளத்தைக் குறைத்துக் காட்டும் கடதாசியில் ஒப்பமிட வேண்டாம்.

"அவன் என்ர ஆள் இல்லை, சப் கொந்தராத்துக்காரன்ர ஆள்" என்று பெரிய கொம்பனி கைவிரிக்கும். கட்டடம் கட்டுவதே அதன் தொழில் என்றால் பிரதான கொந்தராத்துக்காரரிடமும் கேட்கலாம், அவர் பிறகு சப்பிடம் அறவிட்டுக்கொள்ளட்டும். சொந்த வீடு கட்டுகிறவர் விடயம் வேறு, அங்கே பெரும்பாலும் பாஸ்தான் முதலாளி.

விண்ணப்பம் போவது தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு. வழி தெரியாவிட்டால் திருகோணமலைத் தொழில் அலுவலகத்தில் கேளுங்கள், வழக்கறிஞருக்குக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. காயம் முழுக்க ஆறட்டும் என்று இருந்தால் காலவரையறை தாண்டிவிடும், விபத்தை எழுத்தில் உடனே அறிவியுங்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற கடிதத்தை வாங்கிக்கொண்டு 50,000 நீட்டுவார்கள். ஆணையாளரிடம் பதியப்படாத அந்த உடன்பாட்டை நம்பி ஒதுங்க வேண்டாம். இறந்தவருக்கான நட்டஈடு ஆணையாளரிடமே கட்டப்பட வேண்டியது, செத்தவீட்டில் தரும் உறையோடு பொறுப்பு முடியாது. ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும் தனி, நாட்கூலிக்கும் உண்டு.

முதலாளி தரப்பு பிடித்துக்கொள்ளும் வாதங்கள் மூன்று: குடித்திருந்தார், வேண்டுமென்றே கட்டளையை மீறினார், பாதுகாப்புத் தடுப்பை வேண்டுமென்றே கழற்றினார். வெறும் கவனக்குறைவு இதில் சேராது. கிறைண்டரின் மூடியைக் கழற்றி வெட்டுகிற பழக்கம் கண்ணுக்கு மட்டுமல்ல, கோரிக்கைக்கும் கேடு. பெல்ட் தந்தால் போடுங்கள், தராவிட்டால் நாலு பேர் முன்னால் கேளுங்கள்.

ஏறமுதல் சாரத்தைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். நிற்கும் தட்டு 2 அடி அகலம், கைப்பிடிக் கம்பு தட்டில் இருந்து ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்தில், நடுவில் இன்னொன்று, விளிம்பில் சாமான் உருளாதபடி 6 அங்குலப் பலகை. பலகை நுனி தாங்குகம்பைத் தாண்டி 2 அங்குலத்துக்குக் குறைந்தால் நழுவும், 6 அங்குலத்துக்குக் கூடினால் மிதித்ததும் கிளம்பும். மழையில் நனைந்து காய்ந்த கயிற்றை நம்பாதீர்கள். கச்சான் காற்றுக் காலத்தில் பச்சை வலை கட்டிய சாரம் பாய்மரம்போல் காற்றை வாங்கும், 4 மீட்டருக்கு ஒரு தடவையாவது சுவரோடு இறுக்க வேண்டும். கரையோர மணலில் தோண்டிய குழி 4 அடி தாண்டினால் பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்காமல் இறங்கக் கூடாது. ஒரு கனமீட்டர் மணல் ஒன்றரைத் தொன்னுக்கு மேல். மிக்சருக்கு மின் கொடுக்கும் பலகையில் மின் கசிந்தால் தானாக விழுகிற 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேண்டும். அதன் சோதனைப் பொத்தானைக் காலையில் ஒருமுறை அமுக்குங்கள், விழாவிட்டால் மிக்சரைத் தொடாதீர்கள்.