காதில் இறுகிய மரத் தோடு

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் மழை பிடித்தால் கொடியில் போட்ட துணியே காயாது. மரத் தோடு எப்படிக் காயும்? 12 மில்லிமீட்டர் தேக்குத் தோட்டைக் கழற்றாமலே குளித்து வந்ததில், மரம் ஊறி, பெரிதாக்கிய காது ஓட்டையில் இறுகிவிட்டது. இரண்டு பக்கமும் விளிம்பு அகன்ற வகை. வெடுக்கென்று இழுத்தால் மடல் கிழியும். விளிம்பைச் சுற்றி நான்கு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு, பத்து நிமிடம் பொறுத்து, இழுக்காமல் திருகினேன். பின்விளிம்பின் மேல் மடலை மெல்ல உருட்டித் தள்ளியதும் வந்துவிட்டது.

பளபளப்பு போய் நார் எழும்பியிருந்தது. அந்தச் சொரசொரப்புதான் தோலைக் கீறும். இரண்டு நாள் நிழலில் காயவிட்டு 400, 800, கடைசியாக 1,500 எண் உப்புத்தாளால் (எண் கூடினால் தாள் நைசு) தேய்த்தேன், நார் ஓடும் திசையில் மட்டும். ஈரத்தோடு தேய்த்தால் காய்ந்ததும் நார் மறுபடி எழும்பும். தூளைத் துடைத்து ஜொஜோபா என்ற விதை எண்ணெயை லேசாகப் பூசி, மறுநாள் மிச்சத்தைத் துடைத்தேன். சமையல் எண்ணெய் பூசினால் சிக்குவாடை அடிக்கும்.

நகம் மாட்டுகிற விரிசல் இருந்தால் பசை போட்டு ஒட்டாதீர்கள். அழுக்கு அங்கேதான் தங்கும், தூக்கிப் போடுங்கள். கொதிநீரில் போட்டாலும் வெடிக்கும். புதிதாகப் பெரிதாக்கிய ஓட்டைக்கு, ஆறும்வரை கண்ணாடியோ டைட்டேனியமோதான். (தோட்டத்துப் பாட்டிகளின் பாம்படத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. தங்கம் ஊறாதே!)

இப்போது குளிக்குமுன் கழற்றித் துணிப்பையில் வைக்கிறேன். பிளாஸ்டிக் பையில் வைத்தால் பூசணம் பிடிக்கும்.